தலைவர் வீட்டு ரசம்

தொம்மலூர் அபூர்வக் கனி வளர்ப்போர் சங்கத்தில் 1997ஆம் வருஷம் மொத்தம் மூன்று பேர். தலைவர் அனந்தபத்மநாபன், செயலாளர் பெருமாள்சாமி, பொருளாளர் ராஜேந்திரன். சாதாரண உறுப்பினர் என்று எவரும் இல்லாததால் கூட்டங்கள் அமைதியாக நடந்தன.

தலைவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் ஆறு வருஷமாக ஒரு செடி நின்றது. மேற்கு ஆப்பிரிக்கச் செடி. சப்போட்டாவுக்குப் பங்காளி முறை. விதை கொடுத்த நண்பர் பழத்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, தலைவர் அவருக்குச் சப்போட்டாக் குடும்பத்தின் பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தார். நண்பர் சொல்லாமலே போய்விட்டார். இப்போது செடி களாக்காய் அளவில், சிவப்பாக, மூன்றே மூன்று பழம் வைத்திருந்தது.

சமையல் செய்யும் எல்லம்மாவுக்கு அன்று வேறு கவலை. இந்திராநகரில் கன்னடக்காரர் வீட்டில் எட்டு வருஷம் சமைத்தவள். அங்கே ரசத்தில் வெல்லம் போடாவிட்டால் திட்டு. இங்கே போட்டால் திட்டு. கைப்பழக்கத்தில் இரண்டு தரம் போட்டுவிட்டாள். “இன்னொரு தரம் ரசம் இனிச்சுதுன்னா நீ வேற வீடு பார்த்துக்கலாம்” என்று தலைவர் சொல்லியிருந்தார். அன்று காலை அவளே வெல்ல டப்பாவைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

சாப்பாட்டுக்கு முன் கனி உண்ணும் வைபவம். ஆளுக்கு ஒன்று. தலைவரின் மனைவி ருக்மிணிக்குக் கிடையாது. அவர் சங்கத்தில் இல்லை.

“முழுங்கிடாதேங்கோ. மெல்லக் கடிச்சு, நாக்கு பூரா உருட்டணும். அஞ்சு நிமிஷம்” என்றார் தலைவர்.

உருட்டினார்கள். ருசி என்று ஒன்றுமே இல்லை.

“லிச்சி சாயல் தெரியுது தலைவரே” என்றார் பெருமாள்சாமி.

“கடைசில லேசா ரோஜா வருது” என்றார் ராஜேந்திரன்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு, “குடும்ப லட்சணம்” என்றார்.

இலை போட்டு எலுமிச்சை ரசம் ஊற்றியதும் ஒரு வாய் வைத்த தலைவர் கத்தினார். “எல்லம்மா! எவ்வளவு வெல்லம் போட்டே?”

“போட்லயே சார். டப்பா பரண் மேல கீது.”

“பாயசம் மாதிரி இருக்கு!”

“ஆமாம்மா, கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு” என்றார் பெருமாள்சாமி.

எல்லம்மா உள்ளங்கையில் ஊற்றி நக்கினாள். முகம் சுருங்கியது. “புளிக்குது சார், நெஜமா.”

ருக்மிணி ஒரு கரண்டி குடித்துப் பார்த்தார். “எலுமிச்சம்பழம் ஒண்ணு அதிகம். பல் கூசறது. இனிப்பு எங்கேர்ந்து வந்தது?”

குழப்பமானால் சங்கத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தலைவர் ஓட்டுக்கு விட்டார். இனிப்பு மூன்று, புளிப்பு இரண்டு. தீர்மானம் நிறைவேறியது.

எல்லம்மா ஆணியில் மாட்டியிருந்த தன் பையை எடுத்துத் தோளில் போட்டாள். வாசலுக்குப் போகவில்லை. அரிவாள்மனையில் ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி வந்து மூவர் கையிலும் பிழிந்தாள்.

“நக்கிப் பாருங்க. இதுலயும் வெல்லம் வச்சு தச்சேனா?”

நக்கினார்கள்.

“கமலா ஆரஞ்சு மாதிரி இருக்கே” என்ற ராஜேந்திரன் கலங்கிப்போனார். “எனக்கு நாக்கு கிக்கு செத்துப் போச்சா?”

“பழம் தின்ன மூணு பேருக்கும் இனிக்கறது, தின்னாத ரெண்டு பேருக்கும் புளிக்கறது” என்றார் ருக்மிணி. “அந்தச் செடியை வளர்த்தது எல்லம்மாவா?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “நான் எதிர்பார்த்ததுதான். இது ஒரு சோதனை.”

“சோதனைய வுடுங்க சார்” என்றாள் எல்லம்மா. பை தோளிலேயே இருந்தது. “நான் வெல்லம் போடலன்னு இந்த ரெண்டு சாருங்க முன்னாடி சொல்லுங்க. நாளைக்குத் தெருவுல பேசப் போறது இவங்கதான்.”

“நோ ஜாக்கரி வாஸ் ஆடட்.”

“தமிழ்ல சார்.”

“போடலை.”

“யாரு?”

தலைவர் இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எல்லம்மா வெல்லம் போடலை.”

அவள் பையைப் பழைய இடத்தில் மாட்டிவிட்டு, முந்தாநாள் மோரை மூன்று டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். குடித்தார்கள். சர்க்கரை கரைத்த பாலாக இறங்கியது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனிக்கிறது என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ராஜேந்திரன் மட்டும் டம்ளரை மறுபடி நீட்டினார்.