அறுந்த இரண்டு கோடுகள்

பிர்தௌஸின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. லேப்டாப் போர்டின் மேல் சர்ரென்று ஒரு கீறல். லென்ஸ் வழியாகப் பார்த்தாள். பச்சைப் பூச்சு உரிந்து, அடியில் தலைமுடி கனத்தில் ஓடிய செம்புக் கோடுகள் இரண்டு அறுந்திருந்தன.

எதிரே ஸ்டூலில் அருணாதேவி குனிந்து நோட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரி. ஃபேனைச் சுத்தம் பண்ணத்தான் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு மணிக்கு அவளுக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. இப்போது ஒன்று ஐந்து.

அவள் எதையும் பார்க்கவில்லை. போர்டு ஏற்கெனவே கெட்டிருந்தது என்று சொன்னால் நம்பிவிடுவாள். பதினோரு வருஷமாக இந்த ரிப்பேர் கடையை நடத்தும் பிர்தௌஸுக்கு அது தெரியும்.

“அருணா, என் கை வழுக்கிடுச்சு. போர்டுல ரெண்டு லைன் கட்டாயிடுச்சு. இப்ப ஆன் பண்ணா ஓடாது.”

“விளையாடாதீங்கக்கா.”

“நிஜமாதான்மா. தப்பு என்னுது. என் லேப்டாப்ல எழுதுறியா?”

“முடியாதுக்கா! நேத்தே இதைத்தான் பதிவு பண்ணேன். வேற மெஷின்ல தேர்வு தொறக்காது.” எழுந்துவிட்டாள். “குடுங்க, வேற கடைக்குப் போறேன்.”

“போறதுன்னா மாட்டித் தர்றேன். ஆனா பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துல ஆட்டோ நகராது. அரை மணி குடு, நானே பாக்கறேன்.”

அருணாதேவி தெருவைப் பார்த்தாள். தலைகள் மட்டுமே தெரிந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தாள். “சீக்கிரம்” என்றாள். ‘அக்கா’ என்று சேர்க்கவில்லை.

பிர்தௌஸ் கீறலை ஸ்பிரிட்டில் துடைத்தாள். பிளேடு நுனியால் கோடுகளின் முனைகளில் பச்சைப் பூச்சைச் சுரண்டிச் செம்பை வெளியே கொண்டுவந்தாள். மெல்லிய கம்பியை வெட்டி வைத்துச் சால்டரிங் அயர்னால் தொட்டாள். ஈயம் பரவி இரண்டு கோடுகளையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. அப்படியே கரண்ட் கொடுத்தால் போர்டு மொத்தமும் போய்விடும். மணி ஒன்று முப்பத்தெட்டு.

“என்னாச்சு?”

“பேசாத.”

ஈயத்தை மறுபடி உருக்கி உறிஞ்சுகுழலால் எடுத்தாள். மணிக்கட்டை மேஜையில் அழுத்தி, மூச்சை அடக்கி, ஒவ்வொரு கம்பியாக மறுபடி வைத்தாள். மீட்டரின் இரு முனைகளையும் ஒரு கோட்டின் இரு பக்கமும் வைத்ததும் ‘பீப்’; கோடு சேர்ந்துவிட்டது. அடுத்த கோட்டிலும் ‘பீப்’. இரண்டுக்கும் நடுவில் வைத்தபோது சத்தமே இல்லை; ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பச்சைப் பசையைத் தடவி, நீல விளக்கில் காயவைத்து, நான்கே ஸ்க்ரூ மட்டும் போட்டு மூடினாள்.

பட்டனை அருணாதேவியே அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. ஒன்று ஐம்பத்து மூன்று.

அருணாதேவி அங்கேயே தேர்வு எழுத உட்கார்ந்தாள். பிர்தௌஸ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வாசலில் நின்றாள். யாரையும் உள்ளே விடவில்லை. ஒன்றரை மணி நேரமும், உள்ளே கீபோர்டு சத்தம் நின்றபோதெல்லாம் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

அருணாதேவி பையோடு வெளியே வந்தாள். “முடிச்சிட்டேன். இது எத்தனை நாள் ஓடும்?”

“தெரியலம்மா. வருஷக்கணக்கா ஓடலாம். போச்சுன்னா புது போர்டு என் பொறுப்பு.”

“எழுதிக் குடுங்க.”

பிர்தௌஸ் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். அருணாதேவி இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போனா கூட்டம் கம்மியா இருக்கும் அக்கா?”