ஒட்டத் தெரியாத நொதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் செல்போன் கீழே விழாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. செஞ்சி பஜாரில் போன் பழுதுபார்க்கும் இளைஞன் ஒருவன், திரையை மாற்றிக்கொண்டே தன் கதையைச் சொன்னான். "எழுதிக்குங்க சார். பேர மட்டும் மாத்திடுங்க" என்றான். இளமாறன் என்று வைத்திருக்கிறேன்.

2

முதல் வரிக்கு முயன்றவை:

செஞ்சிக் கோட்டையின் மீது மாலை வெயில்... (வேண்டாம். கோட்டைக்கு இதில் வேலையில்லை.)

யூபிக்விட்டின் என்பது ஒரு சிறிய புரதம்... (நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் கை நடுங்கியது. (இது இருக்கட்டும்.)

3

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் கை நடுங்கியது. தளவானூரில், பெண் ஜெயசுதாவின் வீட்டில், சபை நடுவே காபி வேட்டியில் கொட்டியது. பெண்ணின் மாமா கோவிந்தசாமி எழுந்துவிட்டார்.

"காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டான் பாரு!"

இளமாறன் குடிப்பதே இல்லை. யார் கேட்டார்கள்? தட்டு மாற்றாமலே திரும்பினார்கள். அவன் அம்மா மனோரமா வழியெல்லாம் அழுதார். பேச்சு பஜார் வரைக்கும் வந்தது. கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள்.

4

புதுச்சேரியில் ஒரு டாக்டர் மரபணுப் பரிசோதனை வரை போய்க் காரணத்தைக் கண்டுபிடித்தார். செல்லுக்குள் கெட்டுப்போனவற்றின் மேல் யூபிக்விட்டினை அடையாளமாக ஒட்டுகிற நொதிகள் நம் உடம்பில் நூற்றுக்கணக்கில் உண்டு. அடையாளம் விழுந்ததைச் செல் அப்புறப்படுத்திவிடும். அந்த நொதிகளில் ஒன்று இளமாறனிடம் வேலை செய்யவில்லை. மூளையில் அசைவைப் பார்த்துக்கொள்ளும் செல்கள் குப்பை சேர்ந்து செத்துக்கொண்டிருந்தன.

[இங்கே ஓர் உவமை இருந்தது: ஊரும் அவன் மேல் ஓர் அடையாளத்தை... அடித்துவிட்டேன். உங்களுக்கே தோன்றியிருக்கும்.]

"ஒட்டறதுக்கு ஆளில்லாததுக்கா எம் புள்ள கை இப்டி ஆடுது?" என்றார் மனோரமா.

"ஆமாம்மா. முழுசா குணமாகாது. மாத்திரையில நடுக்கம் குறையும்."

5

ஜெயசுதாவை எழுதத் தயங்கினேன். என் வரைவுகளில் எல்லாம் அவள் அழுதுகொண்டிருந்தாள். நிஜத்தில் அழவில்லையாம். ஒரு மதியம் தனியாகக் கடைக்கு வந்து, தன் போனை மேஜை மேல் வைத்தாள்.

"இதுல இன்னா ப்ராப்ளம்?" என்றான்.

"போன் நல்லாத்தான் இருக்குது. ஒங்க கைக்கு இன்னான்னு கேக்க வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னான்.

"அன்னிக்கே டவுட்டு எனக்கு. எங்க மாமா டெய்லி குடிக்குது. அது கை ஒருநாளும் நடுங்கினதில்ல."

இளமாறன் சிரித்துவிட்டான். சிரித்தே வெகுநாளாகியிருந்தது.

"பொறக்கற புள்ளைங்களுக்கு வருமா?"

"ஒங்ககிட்டயும் அதே கொறை ஒளிஞ்சிருந்தாத்தான் பயமாம். டெஸ்ட் இருக்குது."

"எடுத்துடலாம்."

"போகப்போக நடுக்கம் ஜாஸ்தியாவும். கடைய மூட வேண்டி வரலாம். நல்லா யோசிச்சிக்குங்க."

"யோசிச்சிட்டுத்தான் பஸ் ஏறினேன்."

6

இருவரும் புதுச்சேரி போய் அவள் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

அ) குறை இல்லை. கல்யாணம்.

ஆ) குறை இருக்கிறது. ஜெயசுதா அந்தக் காகிதத்தை... (கை வரவில்லை.)

வரைவைக் கடையில் வைத்து இருவரிடமும் கொடுத்தேன். ஜெயசுதா கடைசிவரை படித்தாள்.

"ரிப்போர்ட் எப்டி வந்தாலும் இன்னா செய்யறதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன் சார்."

"என்ன முடிவு?"

"இவருகிட்ட சொல்லிட்டேன். ஒங்ககிட்ட எதுக்கு?"

இளமாறனைப் பார்த்தேன். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. முகத்தில் அப்படியொரு வெட்கம். என்னை மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினான்.

நான் பஜாரில் நிற்கிறேன், வாசகரே. எனக்கு முதுகுவலி. நீங்கள் வேண்டுமானால் குனிந்து பாருங்கள்.