குழாய்க்குள் ஒரு படி

கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வந்து பெரிய பேச்சுப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. 1971இல் வந்த பேராசிரியர் திருநாவுக்கரசையும் நம்பவில்லை. சத்தத்தைவிட ஐந்தாறு மடங்கு வேகமாகப் பறக்கும் விமானத்துக்கு எஞ்சின் செய்யப்போகிறாராம். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் எங்கள் கப்பல் பட்டறையில், எஞ்சினைக் கிளப்ப அழுத்திய காற்று அடைத்த பெரிய சிலிண்டர்கள் உண்டு. அந்தக் காற்றுக்காகத்தான் வந்தார். மெயின்லேண்டில் கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்களாம்.

வேலை இதுதான். குழாயில் காற்றைச் சத்தத்தைவிட வேகமாக விட்டு, அதற்குள் ஹைட்ரஜனைப் பற்றவைக்க வேண்டும். மூன்று செகண்டு அணையாமல் நின்றால் போதும். வியாழக்கிழமைக் கப்பலில் முடிவோடு திரும்பாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவோம் என்று அவருடைய கல்லூரி எழுதிக் கொடுத்திருந்தது.

பதினோரு முறை விட்டோம். பதினோரு முறையும் அணைந்தது. வால்வு திறக்கும் சேக் தாவூத் சிரித்தான்.

“புயல்ல பீடி பத்தவைக்கிற கதைதான் சாப். சோடோ, விட்டுடுங்க.”

“பன்னெண்டாவது தடவை திற பாய்” என்றார் பேராசிரியர்.

திறந்ததும் குழாயே கிழிந்துவிட்டது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

புதுக் குழாய் செய்வது என் பொறுப்பு. பேராசிரியர் வரைந்து கொடுத்த படத்தில் நேரான ஒரே குழாய். அந்த அளவு கையிருப்பில் இல்லை. இந்தத் தீவில் சரக்குக் கப்பல் வரட்டும் என்று உட்கார்ந்தால் ஒரு வேலையும் நடக்காது. இருக்கிறதை ஒட்டுவோம். சின்னக் குழாயைப் பெரிய குழாயோடு சேர்த்து வெல்டிங் வைத்தேன். உள்ளே, இணைப்பில், விரல் தட்டும் அளவுக்கு ஒரு படி நின்றது. அதைத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருக்க வேண்டும். எப்படியும் அணையப்போகிற நெருப்புக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். வெளியே தகடு சுற்றி மறைத்தேன்.

புதன்கிழமை காலை தாவூத் வால்வைத் திறந்தான். கூரைத் தகரம் அதிர்ந்தது. குழாய் வாயில் நீல நெருப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. காற்று தீரும்வரை நின்றது.

பேராசிரியர் தாவூதைக் கட்டிக்கொண்டார். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். அதே நேரான குழாயைத்தான் வரைந்துகொண்டிருந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மெயின்லேண்டுக்குப் போய் இப்படியே செய்வார், அணையும், பொய்யன் என்பார்கள்.

“சார், குழாய் உங்க படத்துல உள்ள மாதிரி இல்ல.”

“என்னது?”

“ரெண்டு சைஸ் ஒட்டினது. உள்ள படி நிக்குது. தேய்க்கல.”

“ஏன்யா சொல்லல?”

“உங்க மேல நம்பிக்கை இல்ல சார்.”

“தௌபா தௌபா!” என்று தாவூத் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

குழாயை நெடுக அறுத்துக் கொடுத்தேன். அவர் படியின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“படிக்குப் பின்னால காத்து சுழலுது. அதுல ஒதுங்கித்தான் நெருப்பு நிக்குது போல. எட்டு வருஷமா நான் உள்ள வழுவழுப்பாவே செஞ்சுட்டிருந்தேன் மேஸ்திரி.”

“அப்ப அதை எழுதிக்கிட்டு நாளைக்குக் கப்பல் ஏறுங்க.”

“ஒரு தடவை நின்னத வச்சு எப்படி எழுதறது? ரெண்டு நூல் உயரத்துக்கு ஒரு படி, நாலு நூல் உயரத்துக்கு ஒரு படி, படியே இல்லாம ஒண்ணு. மூணும் வேணும்.”

“அடுத்த கப்பல் பதினஞ்சு நாள் கழிச்சு. அதுக்குள்ள அங்க மூடிடுவாங்களே?”

“மூடட்டும். திறக்க வைக்கிறேன். நீங்க ரம்பத்த எடுங்க.”

வியாழக்கிழமை கப்பல் ஊதியபோது அவர் தலை நிமிரவில்லை. படியில்லாத குழாய்க்குள் விரலைவிட்டுப் பார்த்து, “தட்டுது, இன்னும் தேய்க்கணும்” என்று நீட்டினார். வாங்கிக்கொண்டு அரத்தைத் தேடினேன்.