இரும்பைத் தொட்ட கை

1.

இந்தக் கதை வராமல் போன ஒரு கொப்புளத்திலிருந்து பிறந்தது. இத்தாலியின் ரொவீகோ ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரி ஒர்நெல்லா, வேலியருகே நின்று தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "பாரு, ஒண்ணுமே ஆகல." வெறுங்கையை அவ்வளவு சந்தோஷமாகக் காட்டிய ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: 'அணுவின் இதயத்தில் உறங்கும் பேராற்றலைத் தட்டியெழுப்ப' (விடுங்கள், இது மேடைப் பேச்சு.)

நடந்தது ஒரு கார் ஷெட்டில். ஒர்நெல்லாவும் கல்லூரித் தோழன் துல்லியோவும் எஃகுக் குடுவையில் நிக்கல் தூளும் ஹைட்ரஜனும் அடைத்து, அதற்குள் வானொலி அலையைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். சரியான அதிர்வெண் அமைந்தால் பெரிய உலை இல்லாமலே அணுக்கருக்கள் இணைந்து சூடு தரும் என்று நம்பினார்கள். முன்பு ஒருமுறை துல்லியோ அவசரப்பட்டு இதைப் பத்திரிகைக்குச் சொல்லி, ஊர் சிரித்து, பல்கலைக்கழக வேலையை விட்டான். நான் சொல்லும் ராத்திரிக்கு மறுநாள், பதோவா நகர மாநாட்டில் இருவரும் இதை மறுபடி அறிவிப்பதாக இருந்தது.

(துல்லியோவை என்னால் நம்ப முடியவில்லை. சூடு கண்ட பூனை அடுப்படிக்கு வராது என்பார்கள். இவன் அடுப்படியிலேயே குடியிருந்தான்.)

3.

குடுவையின் வெப்பமானித் திரை இருநூறு டிகிரி காட்டியது.

"இந்தத் தடவை ஒண்ணும் தப்பாகாதுடி," என்றான் துல்லியோ.

"வாயை வைக்காதடா."

யாராவது இப்படிப் பெருமை பேசினால் அந்த ஊரில் கை தானாக இரும்பைத் தேடும், கெட்டது அண்டாமலிருக்க. ஒர்நெல்லாவின் கையும் தேடியது. பக்கத்திலிருந்த இரும்பு, குடுவைதான்.

"ஐயோ, கையை எடு."

அவள் எடுக்கவில்லை. "துல்லியோ, இது சில்லுன்னு இருக்குடா."

வெப்பமானியின் கம்பி அலையைப் பிடித்து, அதையே சூடு என்று திரைக்குச் சொல்லியிருக்கிறது. அலையை நிறுத்தியதும் திரை சட்டென்று இறங்கியது. நிஜச் சூடு அப்படி இறங்காது.

[இங்கே துல்லியோ உடைந்து அழுதான் என்று எழுதி] இல்லை, அவன் அழவில்லை.

"நாளைக்கு மேடையில சொல்லித் தொலைச்சிருந்தா?"

"சொல்லலியே."

ஒர்நெல்லாவுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இன்னொரு முறை அவன் தலைகுனிவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அப்புறம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

4.

ஒரு முடிவில் பதோவா அரங்கம் எழுந்து கைதட்டியது. எழுதிய எனக்கே கூச்சம். இன்னொன்றில் சாமான்களை விற்றார்கள். வேலியருகே படித்துக் காட்டியபோது ஒர்நெல்லா என்னை முறைத்தாள்.

"அப்போ மாநாட்டுக்குப் போறோமா?" என்று துல்லியோ கேட்டது உண்மை.

"போறோம். கை சுடலன்னு சொல்லப் போறோம்."

சமையலறையிலிருந்து அலுமினியத் தாளைக் கொண்டுவந்து, அலை புகாதபடி வெப்பமானியின் கம்பியைச் சுற்றினார்கள். அலையை மறுபடி செலுத்தினார்கள்.

"தொடுடி."

"இந்தத் தடவை நீ தொடுடா."

இதற்கு மேல் ஒர்நெல்லா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்களே தொட்டுப் பாருங்கள். பயம் வேண்டாம். சுட்டால் நல்ல செய்தி, சுடாவிட்டால் கை தப்பித்தது.