ஒன்றரை வோல்ட்

கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கினால் விசிறி சுற்றியது. முன்விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. உள்ளிருந்து நீளமாக ஒரு பீப். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் நீளமாக ஒரு பீப். எழுப்பினால் எழுந்து உட்கார்ந்துகொண்டு, கண்ணை மட்டும் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது.

"என்ன மாமா இது, அழுதுக்கிட்டே இருக்கு?" என்றாள் வாலு.

வாலு அவன் மனைவியின் தங்கை. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவளும் மனைவிதான். பெற்றவர்கள் வைத்த பெயரை வீட்டில் எல்லாரும் மறந்து போனார்கள். வாலுவுக்கு ஒரு கட்டிட நிறுவனத்தில் வீட்டுப் படங்கள் வரைகிற வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், அதுவும் திங்கட்கிழமைக்குள். அக்காவுடையதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவன் சரி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கி, பிளக்கைச் சொருகி, ஓடுகிறதா என்று பார்த்தான். அப்போது ஆரம்பித்த பீப் இது. இன்று சனிக்கிழமை காலை, எடுத்துப் போவதற்கு ஒரு பெரிய பையோடு அவளே வந்து நின்றுவிட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

டாக்டர் என்பது இரண்டு தெரு தள்ளிக் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர். யார் எதைக் கொண்டுபோனாலும் "எத்தனை நாளா இப்படி?" என்றுதான் தொடங்குவார். அதனால் வந்த பெயர்.

"செட்டிங்கை எல்லாம் அழிச்சுட்டுப் பாருங்கன்னாரு."

"அழிச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

அவன் கேபினெட்டின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான். வாலுவும் விடாப்பிடியாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

மனைவி ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து கோத்துக் கொடுக்கிற வேலை பார்த்தவள். அந்தப் பதிவுகளையெல்லாம் அவன் எப்போதோ வேறு டிஸ்கில் எடுத்து வைத்துவிட்டான். அதைப் பற்றிய கவலை இல்லை. கவலை வேறு. இந்தக் கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்தவள் அவள். நினைவகத்துக்கென நான்கு ரேம் அட்டைகள், இரண்டை முதலிலும் இரண்டைப் பிறகும் வாங்கினாள். நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. மதர்போர்டு தேவையான வோல்டேஜைத் தானாகவே பார்த்துக்கொள்ளும் என்று பெட்டியில் எழுதியிருந்ததை அவள் நம்பவில்லை. "தானா பாத்துக்கும்னா யாரும் பாக்கலன்னு அர்த்தம்" என்பாள். ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து, வோல்டேஜை ஒரு மயிரிழை ஏற்றுவாள், சோதனையை ஓடவிடுவாள், பிழை வந்தால் திட்டுவாள், இறக்குவாள், திரும்ப ஏற்றுவாள். கடைசியில் ஏதோ ஓர் அளவில் நிறுத்தினாள். அதற்குப் பிறகு அது ஒரு நாளும் முரண்டு பிடிக்கவில்லை.

அந்த அளவு எது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அது போர்டுக்குள் இருந்தது. வீட்டில் இருந்த மற்றதெல்லாம் அவள் வாங்கியது, அடுக்கியது. இது ஒன்றுதான் அவள் யோசித்து யோசித்து முடிவுசெய்தது, செய்தபடியே இருப்பது. டாக்டர் சொன்னபடி போர்டின் ஓரத்தில் உள்ள இரண்டு முட்களை ஸ்க்ரூ டிரைவரால் தொட்டால், மூச்சுவிடும் நேரத்தில் அது போய்விடும். அவன் கேபிள்களை மாற்றிப் பார்த்தான். கரண்டு கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தான். தூசியை ஊதினான். முட்களின் பக்கம் மட்டும் போகவில்லை.

"இன்னிக்கு என்ன வைத்தியம்?" என்றாள் வாலு, போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு.

"ரேம்."

உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று கையைக் கேபினெட்டின் இரும்பில் ஒருமுறை வைத்து எடுத்தான். நான்கு ரேம்களையும் உருவி, எது எந்த இடத்தில் இருந்தது என்று பென்சிலால் குறித்து, விரித்த பெட்ஷீட்டின் மேல் வரிசையாக வைத்தான். வாலு ரப்பரை எடுத்து அவற்றின் தங்கப் பற்களைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அழுத்தாதே."

"பல்லு விளக்க எனக்குச் சொல்லித்தர வேண்டாம் மாமா."

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கி, மாற்றி, சொருகி, அமுக்கி, காதைக் கொடுத்து நின்றார்கள். பீப்.

"நாலும் ஒரே நேரத்துலயா போகும்?"

"போகாது."

"அப்புறம்?"

அவன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இன்னொரு ரேமை எடுத்தான். காலையில் டாக்டரிடம் இரவல் வாங்கியது. "நோயாளியை வீட்டுலயே வெச்சுக்கிட்டு மருந்தை மட்டும் கேட்டா எப்படிங்க?" என்று சலித்துக்கொண்டாலும் எடுத்துக் கொடுத்தார். "இது சாது. எந்த போர்டுல போட்டாலும் எழுந்து உக்காரும். இதுக்கும் எழலைன்னா போர்டைத் தூக்கிக் கடாசிடுங்க."

சாதுவைச் சொருகி, பொத்தானை அமுக்கினான்.

ஒரே ஒரு சின்ன பீப். திரையில் எழுத்து வந்தது.

"வந்துருச்சு!" வாலு கூவிய கூவலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம். அவன் படித்தான். இன்னொரு தடவை படித்தான். சேமித்து வைத்த அமைப்புகள் கிடைக்கவில்லை, ஆரம்ப அமைப்புகளே எடுத்துக்கொள்ளப்பட்டன, தொடர ஒரு பொத்தானை அமுக்கவும். அமைப்புகளுக்குள் போனான். தேதி, போர்டு செய்த வருஷத்தின் ஜனவரி ஒன்று. ரேம் வோல்டேஜ் ஒன்றரை. எல்லா வரிகளுக்கும் எதிரே 'ஆட்டோ' என்றிருந்தது.

வாலு அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "டாக்டர் ரேமைப் போட்டதால அழிஞ்சிடுச்சா?"

"இல்ல. செட்டிங் ரேம்ல இருக்காது."

"அப்ப அக்கா வெச்சது?"

"இரு."

பெட்ஷீட்டிலிருந்து ஒரு பழைய ரேமை எடுத்து அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினான். 1.65 என்று இருந்தது. "இதுங்களுக்கு இவ்வளவு வேணும். போர்டு தானா குடுக்கிறது ஒன்றரை. அது பத்தலை, அதான் எழலை. இப்ப ஏத்தி வெச்சுட்டு இதுங்களைப் போட்டா எழும்."

ஏற்றினான். சேமித்தான். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சாதுவை எடுத்துவிட்டுப் பழையவற்றைப் போட்டு, சொருகி, அமுக்கினான்.

நீளமாக ஒரு பீப்.

"பொய் சொல்லுது" என்றாள் வாலு.

மறுபடியும் சாது. மறுபடியும் அதே இரண்டு வரி. தேதியும் ஜனவரி ஒன்று. ஏற்றி வைத்த வோல்டேஜ் ஒன்றரைக்கே இறங்கியிருந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்து, போர்டின் மூலையில் இருந்த வட்ட பேட்டரியைப் பார்த்தான். எழுந்துபோய் மீட்டரைக் கொண்டுவந்து அதில் வைத்தான். மூன்று காட்ட வேண்டிய முள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"செத்துப்போச்சா?"

"எப்பவோ."

"அப்ப அக்கா இருந்தப்ப மட்டும் எப்படி ஓடிச்சு?"

"பிளக்கு செவுத்துல இருக்கிற வரைக்கும் இந்த பேட்டரி தேவையில்ல. அந்தக் கரண்டுலயே ஞாபகம் வெச்சிருக்கும். பிளக்கைப் பிடுங்கினாத்தான் பேட்டரி. அவ பிடுங்கினதே இல்ல."

"யாரு பிடுங்கினா?"

"நான்."

மனைவியை மயானத்துக்கு எடுத்துச் சென்ற வாரம் அது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு வானம் இடித்துக்கொண்டிருந்தது. மின்னல் இறங்கினால் கம்ப்யூட்டர் கருகிவிடும் என்று ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். வயரைச் சுருட்டிக் கட்டினான். தூசி படாமல் துணியைப் போர்த்தினான். அந்த வாரத்தில் அவன் ஒழுங்காகச் செய்த காரியம் இது ஒன்று என்றுதான் இதுவரை நினைத்திருந்தான். பேட்டரியில் மிச்சமிருந்த உயிர் எத்தனை நாள் தாங்கியதோ. பிறகு துணிக்கு அடியில், யாரும் தொடாமலே, அவள் வைத்த அளவு போய்விட்டது. இல்லாத ஒன்றைக் காப்பாற்றத்தான் இந்த வாரம் முழுக்க அந்த இரண்டு முட்களையும் தொடாமல் இருந்திருக்கிறான்.

வாலு போன் விளக்கை அணைத்தாள். பிறகு மெதுவாக, "பத்திரமா வெக்கிறேன்னு பட்டினி போட்டுட்டீங்களா மாமா?" என்றாள்.

"ஆமா."

உள்ளே ஏதாவது உடையும் என்று காத்திருந்தான். பசித்தது. அவ்வளவுதான்.

"பேட்டரி எங்க கிடைக்கும்?"

"பாத்ரூம்ல எடை பாக்கிற மெஷின் இருக்கு. அதுலயும் இதேதான்."

"அதைக் கழட்டிட்டா நல்லது. இனிமே இந்த வீட்டுல என் எடை யாருக்கும் தெரியாது." அவளே போய்க் கழற்றிக்கொண்டு வந்தாள்.

அதைப் போர்டில் போட்டார்கள். சாதுவை வைத்து உள்ளே போய் அளவை ஏற்றும் இடத்தில் அவன் கை நின்றது.

"அக்கா எவ்ளோ வெச்சிருப்பா?"

"தெரியாது."

"யோசிங்க."

"யோசிச்சா வராது வாலு. மறந்துபோனா யோசிக்கலாம். எனக்குத் தெரியவே தெரியாது."

"சீட்டுல இருக்கிறதுதானே வெச்சிருப்பா?"

"சீட்டுல இருக்கிறதைக் கேக்கிற ஆளா அவ?"

வாலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு கேள்விக்குப் பதில் எழுதுன்னா ஆறு எழுதிட்டு வருவா. டீச்சர் அஞ்சைத் திருத்திட்டு ஆறாவதை அடிச்சா, அதுக்கும் போய் சண்டை."

சீட்டில் இருந்ததையே வைத்தான். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நான்கையும் அதனதன் இடத்தில் சொருகினான். இந்தத் தடவை சின்ன பீப். திரை வந்தது. தேதியும் அவன் திருத்தி வைத்தபடியே இருந்தது. மேசை இழுப்பறையில் கிடந்த பென் டிரைவிலிருந்து ரேம் சோதனையை ஓடவிட்டு, இருவரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது திரையின் பாதியில் சிவப்புக் கோடுகள்.

"ஒத்துப்போகலை" என்றான். "இங்கதான் அவ ஒவ்வொரு படியா ஏத்துவா."

"தள்ளுங்க, நான் ஏத்துறேன்."

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. வாலு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு படி ஏற்றினாள். சோதனை ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பு. இன்னொரு படி. கொஞ்சம் தாமதமாகச் சிவப்பு. ரேமைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உதறினாள்.

"சுடுது மாமா. இன்னும் ஏத்தலாமா?"

"ஏத்தலாம். ஆனா ஆயுசு குறையும்."

"ஏத்தாம, வேகத்தைக் கொஞ்சம் குறைச்சா?"

அவன் உடனே சொன்னான்: "உங்க அக்கா ஒத்துக்க மாட்டா."

"அக்கா ஒலி வேலை பாத்தா. ஒரு இடத்துல திக்கினா அவளுக்கு உயிர் போயிடும். நான் செவுரு வரையிறேன். என் செவுரு எங்க ஓடப் போகுது?"

அவன் திரையைப் பார்த்தான். அவள் சொல்வது சரியாகத்தான் இருந்தது.

"குறை" என்றான்.

வாலு வோல்டேஜைச் சீட்டில் இருந்த அளவுக்கே இறக்கினாள். வேகத்தை ஒரு படி குறைத்தாள். சோதனை ஓட ஆரம்பித்தது. சன்னல் வழியாக வந்த வெயில் மேசையைத் தாண்டிச் சுவருக்குப் போயிற்று. அவன் தரையில் உட்கார்ந்து திருகாணிகளை ஒரு மூடியில் சேர்த்தான். வாலு போனில் அம்மாவிடம், "வந்துடுவேன், வந்துடுவேன், இங்க ஒரு நோயாளிக்குக் கண்ணு திறந்திருக்கு" என்று ரகசியக் குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். சோதனை முதல் சுற்றைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. திரையில் ஒரு சிவப்புக் கோடு இல்லை.

"சேமிச்சுக்கோ. தனியா ஒரு இடம் இருக்கும், அங்கயும் ஒரு பிரதி வை."

வாலு தேடிக் கண்டுபிடித்தாள். "பேரு கேக்குது மாமா." விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றன. திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "அக்கா பேரைப் போடட்டுமா?"

அவனுக்கு அது பிடித்திருந்தது. ஒரு நிமிஷம் அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. போர்டுக்குள் அந்தப் பெயர் இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே இருப்பது அவள் அளவு இல்லை.

"வேகத்தைக் குறைச்சதுக்கு அவ பேரைப் போட்டா, அவ சும்மா விடுவாளா? உன் பேரைப் போடு."

"வாலுன்னா?"

"இது உன் மெஷின். என்ன வேணா போட்டுக்கோ."

அவள் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். அவன் கேபினெட்டின் பக்கத் தகட்டைத் தூக்கி, அதன் பள்ளத்தில் பொருத்தித் தள்ளினான்.