இரண்டாம் பாகத்தில் என் தங்கை

முதல் பாகத்தின் முடிவிலேயே அந்தக் கொலைகாரன் எரிந்து சாம்பலாகிவிட்டான். அப்புறம் இரண்டாம் பாகம் எதற்கு? கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகத்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் தங்கையோடு மதியக் காட்சிக்குப் போனேன். எனக்குப் படமா முக்கியம்? கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல்தான் முக்கியம்.

என் தங்கை சினிமா ஒலிக்கூடத்தில் வேலை செய்கிறாள். திரையில் கத்தி பாயும்போது நம் காதில் விழுவது அவள் முட்டைக்கோஸைக் குத்தும் சத்தம். எலும்பு முறிந்தால் அது கேரட். முதல் பாகத்தில் பதினேழு கொலை, அத்தனையும் அவள் கைவரிசை. ஆனால் பெயர் வந்ததோ அவளுடைய முதலாளிக்கு மட்டும். “அடுத்த பாகத்துல கண்டிப்பா போடுறேம்மா” என்று தேன் ஒழுகப் பேசியிருந்தார் மனுஷர். இந்த முறையும் பெயர் இல்லையென்றால் வேலையை விட்டுவிடுவதாக என் தங்கை சத்தியம் செய்திருந்தாள். செய்ய வைத்தது நான்தான்.

படம் தொடங்கியது. சாம்பலானவன் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு வந்தான். எப்படிப் பிழைத்தான் என்று இயக்குநரும் சொல்லவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. கதாநாயகி மின்சாரம் போன வீட்டில் தன்னந்தனியாக நிலவறைக்குள் இறங்கினாள்.

“போகாதடி லூசு!” என்று கத்திவிட்டேன். பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். குரல் அப்படித்தான் வரும்.

“அக்கா, மானத்த வாங்காத” என்று தங்கை என் கையைக் கிள்ளினாள்.

அரங்கமே சிரித்தது. ஆனால் கத்தி இறங்கிய நொடியில் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், சிரித்த வாயெல்லாம் கப்பென்று மூடிக்கொண்டது. முன்வரிசைத் தடியன் இரண்டு காலையும் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டான்.

“முட்டைக்கோஸ ஈரத்துணியில சுத்தி வச்சுக் குத்தினேன்” என்று தங்கை காதோரம் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுத் திரையை அணைத்துவிட்டார்கள். அந்த அரங்கில் அதுதான் வழக்கமாம். அடுத்த காட்சிக்குள் கூட்டிப் பெருக்க வேண்டுமே.

“யாருப்பா அது? மறுபடி போடு!” என்று குரல் விட்டேன்.

துடைப்பத்தோடு வந்த ஊழியர், “படம் முடிஞ்சிருச்சு மேடம், கிளம்புங்க” என்றார்.

“எனக்கு இன்னும் படம் முடியல. பேரெல்லாம் ஓடி முடியற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். கூட்டணும்னா என்னையும் சேத்துக் கூட்டுங்க.”

தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். “போயிடலாம்க்கா. பேரு இல்லன்னா நான் வேலைய விடணுமே!”

“இருக்கா இல்லையான்னு தெரியணும்டி. உக்காரு.”

ஊழியர் தலையில் அடித்துக்கொண்டு ஆபரேட்டரிடம் போனார். ஐந்து நிமிடத்தில் பெயர்கள் மறுபடி ஓடின. சமைத்தவர், வண்டி ஓட்டியவர், கதாநாயகியின் நாய்க்குட்டியைப் பார்த்துக்கொண்டவர் எல்லோரும் வந்தார்கள். அப்புறம் ‘சிறப்பு ஒலிகள்’ என்று வந்தது. கீழே முதலாளியின் பெயர். பக்கத்தில் ‘மற்றும் குழுவினர்’.

“குழுவுல எத்தன பேருடி?”

“நான் ஒருத்திதான்.”

அவள் அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ போனை எடுத்து முதலாளியை அழைத்தாள்.

“சார், உங்க குழுவினர் பேசுறோம். நாங்க எல்லாரும் வேலைய விட்டுட்டோம்.”