பெட்டி திறந்திருக்கும் அரை மணித்தியாலம்

மூன்றாவது தடவையும் டிவி ‘நோ சிக்னல்’ என்றே காட்டியது. டினுஷா அடப்டரைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி லப்டொப்பில் செருகினாள். ஊதினால் சரிவரும் என்று யார் சொன்னதோ தெரியாது, ஆனால் இங்கே கல்லடியில் எல்லோரும் ஊதித்தான் பார்ப்பார்கள். சுவிஸில், தேவாலயத்தை ஒட்டிய அறையில், அண்ணன் அன்ரோவின் சவப்பெட்டி அரை மணித்தியாலந்தான் திறந்திருக்கும். அதில் கால் மணித்தியாலம் இந்த வயரோடு மல்லுக்கட்டியே போய்விட்டது.

அப்பா அருளப்பு மத்தியானமே முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, டிவிக்குக் கிட்டவாகக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். இவருக்கு அங்கே போக விசா கிடைக்கவில்லை. அன்ரோவின் மனைவி பிள்ளை இருக்கிற ஊரிலேயே அடக்கம் என்று முடிவாகியும்விட்டது. நாற்பது வருடம் வாவியில் தோணி விட்ட மனிதர். இப்போது கண்ணில் வெள்ளை படர்ந்து, லப்டொப்பில் நேரலையாக வருகிற உருவம் அவருக்கு வெறும் புகை.

"பெரிசாத் தெரிஞ்சாப் போதும் மனே. நெத்தியில ஒரு முத்தம் குடுத்து அனுப்பிப்போடுவன்."

மகளிடம் அவர் கேட்டது அது ஒன்றைத்தான். பக்கத்து வீட்டில் டியூஷன் நடத்தும் உதயரூபன் தன்னுடைய அடப்டரைக் கொண்டுவந்து நீட்டிவிட்டு, உள்ளே வர மனமில்லாமல் வாசலிலேயே நின்றார். அதைச் செருகியதும் டிவி வெளித்தது.

வந்தது செத்தவீடு அல்ல. அன்ரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். தங்கச்சிக்கு லப்டொப் அனுப்பும்போது தன் படத்தையே திரையில் போட்டு அனுப்பிய கொழுப்புப் பிடித்தவன். லப்டொப்பில் ஓடுவது ஓடுகிறது, டிவிக்கு அந்தப் பின்னணிப் படம் மட்டும் போயிருக்கிறது. கொரோனா நேரம் ஒன்லைனில் படிப்பித்த டினுஷாவுக்குக் கோளாறு உடனே விளங்கியது. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சரி.

அவள் அழுத்தவில்லை. மடியிலிருந்த லப்டொப்பில் பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். லொறி அடித்த முகம். எவ்வளவு பூசியும் ஒரு பக்கம் அண்ணனாக இல்லை.

"சிரிக்கான் மனே..."

அருளப்பு எழும்பி, இரண்டு கையாலும் டிவியைப் பிடித்து, அந்த நெற்றியில் முத்தமிட்டார். நெடுநேரம் வாயை எடுக்கவில்லை. இதோடு போகட்டும் மாதாவே, இதோடு போகட்டும் என்று டினுஷா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

லப்டொப்பிலிருந்து மருமகளின் அழுகை கேட்டது. அருளப்பு காதைக் கொடுத்தார்.

"அங்க கத்துறாங்க. இவன் அசையாமச் சிரிக்கான்." அவர் திரும்பவில்லை. "இது பழைய படந்தானே மனே?"

அவள் லப்டொப்பின் சத்தத்தைக் குறைக்கப் போனாள்.

"எப்பிடிக் கிடந்தாலும் என்ட புள்ள. காட்டு."

விசை இரண்டு தடவை தப்பியது. டிவி இருண்டது. கறுத்த கண்ணாடியில் அப்பாவின் உதட்டுத் தடம் ஈரமாகத் தெரிந்தது. பிறகு படம் வந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் பெட்டி மூடியின் திருகாணிகளை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அருளப்பு முகத்தைத் திரையோடு ஒட்டக் கொண்டுபோனார்.

"எங்க மனே? எந்தப் பக்கம் தலை?"

தான் கொடுத்த முத்தத்தின் ஈரந்தான் மறைக்கிறதென்று நினைத்தார் போல. சட்டை நுனியை எடுத்து, அந்த இடத்தை மெதுவாகத் துடைக்கத் தொடங்கினார்.